மருத்துவமனையா, காவல்துறையா, தனி மையமா? பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கான ஆதரவு அமைப்பை ஒரு மாவட்டம் எங்கே நிறுவ வேண்டும்

பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு மருத்துவம், சட்ட உதவி, காவல்துறை உதவி, மனநல ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் ஆகிய அனைத்தையும் ஒரே இடத்தில் தர வேண்டும் என்ற கொள்கை இந்தியாவில் ஏற்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட உஷா மெஹ்ரா ஆணையம் இதைப் பரிந்துரைத்தது. அக்கொடுமைக்குப் பிறகு பெண்களின் பாதுகாப்புக்காக மத்திய அரசு உருவாக்கிய நிர்பயா நிதியிலிருந்து 2015 ஏப்ரல் 1 முதல் ‘சகி’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் தொடங்கப்பட்டன. ஒவ்வொரு மாவட்டத்திலும் இப்படி ஒரு மையமாவது வேண்டும் என்று 2018 டிசம்பர் 11-ல் நிபுன் சக்சேனா வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் கூறியது. ஆகவே, மையம் வேண்டுமா என்ற கேள்வி முடிந்துவிட்டது. அது எந்த வளாகத்தில் இயங்க வேண்டும், அதன் பணியாளர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், பாதிக்கப்பட்ட பெண்ணுடன் எவ்வளவு காலம் நிற்க வேண்டும் என்ற கேள்விகள் முடியவில்லை. ஒரு மாவட்ட நிர்வாகமோ தொண்டு அமைப்போ பணத்தையும் ஆட்களையும் ஒதுக்கும் முன்பு தீர்க்க வேண்டியவை இவைதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நுழைவாயில் அரசு மருத்துவமனைக்குள் இருக்க வேண்டும்; ஆனால் அங்கே அமர்ந்து ஒவ்வொரு பெண்ணுக்கும் வேண்டிய உதவிகளை ஒருங்கிணைக்கும் வழக்குப் பணியாளர் மருத்துவமனைக்கோ காவல்துறைக்கோ கீழ்ப்பட்டவராக இருக்கக் கூடாது; தீர்ப்பு வரும் நாள் வரை அவரே அந்தப் பெண்ணுடன் செல்ல வேண்டும். கட்டடத்துக்கும் இந்தப் பணியாளருக்கும் இடையே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்ற நிலை வந்தால் பணியாளரையே தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கான காரணங்கள், நடைமுறையில் உள்ள வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும்போது விளங்கும்.

எந்த வழியை எடைபோடுவதற்கும் காலமே முதல் அளவுகோல். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் அதே கால அளவுக்குள்தான் சிறப்பாகப் பலன் தரும். அதிகபட்சம் ஐந்து நாள் வரை கொடுக்கலாம். உடலிலிருந்து தடய மாதிரிகள் எடுக்க மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் 96 மணி நேரத்தை எல்லையாக வைக்கிறது. அதற்கடுத்த வாரங்களில் காவல்துறையிடம் வாக்குமூலம், நடுவர் முன் வாக்குமூலம், இடைக்கால இழப்பீட்டுக்கான மனு ஆகியவை வரிசையாக வருகின்றன. பிறகு வழக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. முதல் மூன்று நாள், முதல் மூன்று மாதம், பிறகு வரும் ஆண்டுகள் என்ற இந்த மூன்று கட்டங்களுக்கும் தேவைப்படும் திறன்கள் வேறுவேறு. முதல் கட்டத்தை மட்டும் மனத்தில் வைத்து மையத்தைக் கட்டிவிட்டு, எஞ்சிய இரண்டையும் அந்தக் குடும்பத்தின் தலையில் விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

முதல் கட்டத்துக்கு மருத்துவமனையை மிஞ்சிய இடம் இல்லை. பாலியல் வன்முறைக்கு உள்ளானவருக்கு அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற வேறுபாடின்றி உடனடியாகவும் கட்டணமின்றியும் சிகிச்சை தர வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவு. மறுப்பது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 200-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். காவல்துறையின் கடிதம் இல்லாமல் நேரே மருத்துவமனைக்கு வரும் பெண்ணையும் பரிசோதித்துச் சிகிச்சை தர வேண்டும் என்று 2014 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. இவற்றைவிட முக்கியமான ஒரு காரணம் உண்டு. அரசு மருத்துவமனைக்குள் நுழையும் பெண் எதற்காக வந்தாள் என்று யாரும் கேட்பதில்லை. காய்ச்சலுக்கு வந்தவர்கள், பிரசவத்துக்கு வந்தவர்கள், மாத்திரை வாங்க வந்தவர்கள் நிற்கும் அதே வரிசையில் ஓ.பி. சீட்டுடன் அவளும் நிற்க முடியும். காவல் நிலையத்துக்கோ பெயர்ப்பலகை மாட்டிய தனி மையத்துக்கோ போகும்போது அந்த மறைவு கிடைப்பதில்லை. ஊரில் ஒருவர் பார்த்துவிட்டாலே போதும், மறுநாள் வீட்டு வாசலில் கேள்வி வந்து நிற்கும்.

மும்பை இதைக் கால் நூற்றாண்டுக்கு முன்பே கண்டுகொண்டது. 2000-இல் மாநகராட்சியும் ‘சேஹத்’ அமைப்பும் சேர்ந்து பாந்த்ராவிலுள்ள பாபா மருத்துவமனையில் ‘திலாசா’ என்ற பிரிவைத் தொடங்கின. அது மருத்துவமனையின் ஒரு துறையாகவே இயங்கியது. செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. திரும்பத் திரும்பக் காயங்களோடு வரும் பெண்ணையும் விஷம் குடித்து வரும் பெண்ணையும் அவர்களே அடையாளம் கண்டு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். பெண் தானாக வந்து புகார் சொல்லும் வரை காத்திராமல், அவள் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் இடத்திலேயே உதவியை வைத்ததுதான் அதன் வலிமை. அதற்கு முன்பே, 1994-இல், கோலாலம்பூர் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் மலேசியா இத்தகைய மையத்தைத் தொடங்கிப் பிற அரசு மருத்துவமனைகளுக்கும் விரிவாக்கியது. இலங்கையில் சுகாதாரத் துறை நடத்தும் ‘நட்பு நிலையம்’ பிரிவுகளும் மருத்துவமனைகளுக்குள்ளேயே இருக்கின்றன.

மருத்துவமனைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. ஒப்பீடுகளில் அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சகி மையங்கள் பெண்களுக்கும் சிறுமிகளுக்குமானவை. மகளிர் இல்லங்களும் அப்படியே. வல்லுறவுக்கு உள்ளான ஒரு சிறுவனோ, இளைஞனோ, திருநங்கையோ, திருநம்பியோ தயக்கமின்றி நுழையக்கூடிய கதவு மருத்துவமனையின் கதவு ஒன்றுதான். சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் அவர்களையும் பெயர் சொல்லியே உள்ளடக்குகிறது.

குறைகளும் சிறியவை இல்லை. அவசரப் பிரிவில் முதலில் கையில் எடுக்கப்படுவது காயங்களையும் விபத்துகளையும் பதியும் ஏ.ஆர். பதிவேடு. அதில் பெயர் ஏறியதும் வளாகத்திலுள்ள புறக்காவல் நிலையத்துக்குத் தகவல் போகிறது. தனியறை இல்லாத இடங்களில், அடுத்த கட்டிலில் படுத்திருப்பவரின் காதில் விழும்படி நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பயிற்சி பெற்ற மருத்துவர் இடமாற்றலாகிப் போனால் பயிற்சியும் அவரோடு போய்விடுகிறது. பெண் உடலுறவுக்குப் பழகியவளா என்று பார்க்க மருத்துவர் விரல்களை நுழைத்துச் செய்யும் இருவிரல் பரிசோதனை பெண்ணின் கண்ணியத்தை மீறுவது என்று 2013-இல் லில்லு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் அந்தப் பழக்கம் ஒழியாததால், 2022 அக்டோபர் 31-இல் அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றத்துக்கு உள்ளாவார் என்று மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு பரிசோதனை அறைக்குள் பழைய பழக்கமே தொடர முடியுமானால், மருத்துவமனையை அதன் போக்கிலேயே நம்பி ஒப்படைக்க முடியாது. மேலும், டிஸ்சார்ஜ் எழுதியதும் மருத்துவமனையின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. அடுத்த வாரம் அந்தப் பெண் தூங்கினாளா, வேலைக்குப் போனாளா, மிரட்டப்பட்டாளா என்று பார்க்க அங்கே ஆளில்லை.

காவல்துறை நடத்தும் மையத்துக்கு ஹைதராபாத்தின் ‘பரோசா’ நல்ல எடுத்துக்காட்டு. 2016-இல் மாநகரக் காவல்துறை அதைத் தொடங்கியது. புகார், மருத்துவப் பரிசோதனை, ஆலோசனை, சட்ட உதவி ஆகியவை ஒரே கூரையின் கீழ் வந்தன. குழந்தைகள் அச்சமின்றிச் சாட்சியம் சொல்வதற்கான நீதிமன்ற அறையும் அங்கேயே அமைக்கப்பட்டது. ஒரு சிறுமி காவல் நிலைய பெஞ்சில் காத்திராமல், அதிகாரிகள் அவளிருக்கும் இடத்துக்கு வருகிறார்கள் என்பது பெரிய மாற்றம். புலனாய்வின் தரமும் இதனால் உயரும் என்பதை நான் மறுக்கவில்லை. தமிழ்நாட்டிலும் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டதிலிருந்து, பெண்கள் புகார் சொல்வதற்கான வழி ஓரளவு எளிதாகியிருக்கிறது.

ஆனாலும் ஆதரவு அமைப்பின் தலைமையைக் காவல்துறையிடம் தருவதை நான் ஏற்கவில்லை. அதற்குத் தமிழ்நாட்டின் வரலாறே காரணம். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்திக்குள் சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி நுழைந்தவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள். 18 பழங்குடிப் பெண்கள் வல்லுறவுக்கு உள்ளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். அந்தப் பெண்களை எந்த மகளிர் காவல் நிலையத்துக்குப் போகச் சொல்லியிருக்க முடியும்? அண்மைக்காலத்தில் கூட, 2019 பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் முதலில் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் காவல் அதிகாரியின் பேட்டியிலும் அரசாணையிலும் வெளியானது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்தது, அதற்கும் 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று சட்டம் சொல்லியும் கசிவு நடந்த இடம் எது என்பதை நாம் மறக்கக் கூடாது.

காவல்துறை மையத்தின் முதன்மையான நன்மையை அந்த மையம் இல்லாமலே பெறவும் வழி இருக்கிறது. வல்லுறவுக்கு உள்ளான பெண்ணின் வாக்குமூலத்தை அவளது வீட்டிலோ அவள் தேர்ந்தெடுக்கும் இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரி ஒருவர், பெற்றோர் அல்லது உறவினர் அல்லது அப்பகுதியின் சமூகப் பணியாளர் முன்னிலையில் பதிவுசெய்ய வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 176-ஆம் பிரிவு சொல்கிறது. மருத்துவமனைக்குள் ஓர் அமைதியான அறை இருந்தால் அந்த இடமாக அதுவே அமையலாம். அதிகாரி அங்கே வருவார். சட்டம் ஏற்கெனவே தந்துவிட்ட உரிமைக்காக முழு அமைப்பையும் காவல்துறையிடம் ஒப்படைக்கத் தேவையில்லை.

சமூக நலத் துறையின் கீழ் இயங்கும் தனி மையம், அதாவது சகி மையம், மூன்றாவது வழி. தமிழ்நாட்டில் எல்லா மாவட்டங்களிலும் இன்று இருப்பது இதுவே. 181 என்ற மகளிர் உதவி எண்ணுடன் இணைப்பு, ஐந்து நாள் வரை தங்க இடம், சட்ட ஆலோசனை, மனநல ஆலோசனை, இருபத்துநான்கு மணி நேரப் பணி என எழுத்தில் அது முழுமையானது. வீட்டுக்குத் திரும்ப முடியாத பெண்ணுக்கு அன்றிரவே ஒரு படுக்கை கிடைப்பதன் அருமையை, அந்தப் படுக்கை இல்லாமல் அலைந்தவர்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். திட்டத்தின் நெறிமுறை இம்மையம் மருத்துவமனைக்குள்ளோ அதிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள்ளோ இருக்கலாம் என்று இடமளிக்கிறது. அந்த இரண்டு கிலோமீட்டர்தான் சிக்கல். உடல் வலியோடும் கிழிந்த ஆடையோடும் இருக்கும் ஒருத்தியை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு ஆட்டோவில் அழைத்துப்போய், நடந்ததை மறுபடியும் சொல்ல வைத்தால், ‘ஒரே இடத்தில்’ என்ற வாக்குறுதி அன்றே உடைகிறது. பணியாளர்கள் ஒப்பந்த அடிப்படையில் தொகுப்பூதியம் பெறுபவர்கள். நல்ல வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தன் கதையை நம்பிச் சொன்ன ஆள் ஆறு மாதத்தில் காணாமல் போவது அந்தப் பெண்ணுக்கு இன்னொரு இழப்பு.

தொண்டு நிறுவனங்களும் மக்கள் அமைப்புகளும் நான்காவது வழி. சென்னையில் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை குறித்து ‘துளிர்’ அமைப்பும், வன்முறைக்கு உள்ளான பெண்களுக்காகப் பி.சி.வி.சி. அமைப்பும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவரும் பணி, துறைசார்ந்த திறன் அரசுக்கு வெளியேதான் முதலில் வளர்ந்தது என்பதைக் காட்டுகிறது. இவற்றையும் விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வாச்சாத்தியில் நடந்ததுதான். அந்தப் பெண்களோடு நின்றது தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போவதற்கே உயர் நீதிமன்றத்தின் தலையீடு தேவைப்பட்டது. தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று, உயிருடன் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது 2023 செப்டம்பர் 29 அன்று. முதல் தீர்ப்புக்கே பத்தொன்பது ஆண்டுகள். அத்தனை காலமும் அந்தப் பெண்கள் நீதிமன்றத்துக்கு வந்து போனார்கள், அடையாளம் காட்டினார்கள், மிரட்டலுக்குப் பணியவில்லை. ஊரே ஒன்றாக நின்றதும் கூட வருவதற்கு ஆட்கள் இருந்ததும் இல்லாமல் இது நடந்திருக்காது. இத்தகைய உறுதியை எந்த அரசாணையும் உருவாக்கிவிட முடியாது. அதே நேரத்தில், சங்கம் இல்லாத ஊரில், சாதியாலும் வறுமையாலும் தனித்து நிற்கும் ஒரு குடும்பத்துக்கு இது கிடைக்கும் என்று நம்பித் திட்டமிடவும் முடியாது. நிதி வற்றினால் தொண்டு நிறுவனங்களின் பணியும் சுருங்கிவிடும்.

பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்குச் சாகும் வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. எட்டுப் பெண்களுக்கு 85 லட்சம் ரூபாய் இழப்பீடு அறிவிக்கப்பட்டது. சாட்சிகளில் ஒருவர் கூடப் பிறழவில்லை என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் கூறினார். ஆறு ஆண்டுகள் ஒரு பெண் தன் சொல்லில் நிற்பதற்கு அவளது துணிவு மட்டும் போதாது. வாய்தா தேதியைச் சொல்ல, பேருந்துக் கட்டணம் தர, எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணை எப்படியிருக்கும் என்று முன்கூட்டி விளக்க, நீதிமன்ற வராண்டாவில் குற்றவாளியின் உறவினர்கள் சூழ்ந்து நிற்கும்போது பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழான வழக்குகளில் குழந்தைக்கு இத்தகைய ‘ஆதரவு நபரை’க் குழந்தைகள் நலக் குழு நியமிக்க 2020-ஆம் ஆண்டு விதிகள் வழிசெய்கின்றன. பதினெட்டு வயது கடந்த பெண்ணுக்கு இணையான ஏற்பாடு இல்லை. பதினேழு வயதில் தேவைப்படும் துணை பத்தொன்பது வயதில் தேவைப்படாமல் போய்விடுமா?

சுரண்டலுக்காகக் கடத்தப்பட்ட பெண்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்து நாள் படுக்கை அவர்களுக்குப் பயன்படாது. கடன், பறிக்கப்பட்ட ஆவணங்கள், ஏற்றுக்கொள்ளாத குடும்பம் ஆகியவற்றிலிருந்து மீள மாதங்கள் ஆகும். ‘சக்தி சதன்’ இல்லங்கள் இதற்காக இருக்கின்றன. ஆனால் 1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டத்தின்படி, மீட்கப்பட்ட பெண்ணை ஓர் ஆண்டு முதல் மூன்று ஆண்டு வரை காப்பகத்தில் வைக்க நடுவர் உத்தரவிட முடியும். வயது வந்த பெண்களை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக வைத்திருக்கும் இல்லங்களைக் கணக்கெடுத்து, அவர்களை விடுவிக்க நடவடிக்கை எடுக்குமாறு 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. பூட்டிய கதவுக்குப் பின்னால் தரப்படுவதை மறுவாழ்வு என்று நான் ஏற்க மாட்டேன். எந்த இல்லத்தைக் கூட்டாளியாகச் சேர்த்தாலும், அங்கு தங்குபவர் வெளியே போய் வேலை செய்யவும் தொலைபேசி வைத்துக்கொள்ளவும் விரும்பியபோது விலகவும் முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மருத்துவமனையின் நுழைவாயில், சமூக நலத் துறையின் படுக்கை, சட்டம் தந்த வாக்குமூல உரிமை, சங்கத்தின் நிலைத்த துணை ஆகியவற்றைச் சேர்த்தால் என்ன வடிவம் கிடைக்கும்? மாவட்டத் தலைமை மருத்துவமனையில், மகப்பேறு புறநோயாளிப் பிரிவை ஒட்டிப் பெயர்ப்பலகை இல்லாத இரண்டு அறைகள் போதும்: ஒன்று பரிசோதனைக்கு, ஒன்று பேசுவதற்கு. அங்கே சுழற்சி முறையில் நான்கு வழக்குப் பணியாளர்கள் இருக்கலாம். இவர்களின் ஊதியம் அரசுப் பணத்திலிருந்து வரட்டும். ஆனால் பணியமர்த்துவதும் மேற்பார்வையிடுவதும் இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுடன் இணைந்த ஒரு சிறு குழுவாக இருக்கட்டும். தேசியச் சட்டப்பணிகள் ஆணையத்தின் 2018 திட்டப்படி வல்லுறவுக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு உண்டு. அதற்கான மனு போய்ச் சேரும் இடமும் அதே ஆணைக்குழு என்பதால், மனு எழுதும் கையும் அதைப் பெறும் கையும் அருகருகே வந்துவிடும். மருத்துவர் சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் தர வேண்டியிருந்தாலும், புகார் கொடுக்க விரும்பாத வயது வந்த பெண்ணின் மறுப்பை எழுத்தில் பதிவுசெய்து சிகிச்சையைத் தொடர வேண்டும் என்பதை நினைவூட்டும் பொறுப்பு இந்தப் பணியாளருடையது.

எல்லா மாவட்டத்துக்கும் இதே வடிவம் பொருந்தாது. நீலகிரியிலோ சித்தேரி மலையிலோ இருப்பவருக்குத் தலைமை மருத்துவமனை எட்டாத தொலைவு. அங்கே வட்ட மருத்துவமனையில் ஓர் அறையும், பழங்குடி மக்களின் மொழியும் உறவும் அறிந்த உள்ளூர்ப் பெண் பணியாளரும் முதலில் வேண்டும். சென்னை போன்ற நகரத்தில் ஒரே பெரிய மையத்தைவிடப் பல மருத்துவமனைகளில் சிறு பிரிவுகள் என்ற மும்பையின் வழியே பொருந்தும்.

பணம் குறைவாக இருந்தால் எதை முதலில் செய்வது? புதுக் கட்டடத்தை ஒத்திவைக்கலாம். வாகனத்தையும் 108 ஆம்புலன்ஸுடன் பேசிச் சமாளிக்கலாம். வழக்குப் பணியாளரின் ஒப்பந்தத்தை மட்டும் ஓராண்டுக்குப் போடாமல் குறைந்தது ஐந்தாண்டுக்குப் போட வேண்டும். அவர் விலக நேர்ந்தால், புதியவரைப் பாதிக்கப்பட்டவரிடம் நேரில் அறிமுகப்படுத்தி, அவரது சம்மதத்துடன் கோப்பை ஒப்படைப்பதற்கென்று ஒரு மாத காலம் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரின் ஆய்வுக் கூட்டத்தில் இந்த மாதம் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பதோடு, மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்தவர்களில் எத்தனை பேருடன் இன்றும் தொடர்பு இருக்கிறது என்றும் கேட்கப்பட வேண்டும்.